12 லைசென்ஸ், 3 டீம்: பொதுவா, ரிசர்வா, மேக்ஸா?

ராமநாதபுரம் டவுனில் தலைமை அலுவலகம், கீழக்கரையில் ஒரு டிராயிங் டீம், மண்டபத்தில் கடலோர சர்வே எடுக்கும் சின்ன டீம். நம் கடற்கரைப் பக்கம் டிசைன் வேலை பார்க்கும் அலுவலகங்கள் இப்படித்தான் பரவிக் கிடக்கின்றன. கணக்குக்காக ஆள் எண்ணிக்கையை 9, 7, 5 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 21 பேர். சாஃப்ட்வேருக்கு வாங்கியிருக்கும் நெட்வொர்க் லைசென்ஸ், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்திவிட்டுத் திருப்பும் பொது லைசென்ஸ், 12. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் எப்படியும் போதாது. வாங்கும்போதே அது தெரிந்துதான் வாங்குகிறோம். யாருக்கு எத்தனை என்று, அவற்றை எண்ணிக் கொடுக்கும் லைசென்ஸ் சர்வரிடம் எப்படிச் சொல்லி வைப்பது என்பதுதான் முடிவு எடுக்க வேண்டிய விஷயம்.

இங்கே நான் பேசுவது ஃப்ளெக்ஸ்நெட் என்ற லைசென்ஸ் மேலாண்மை சாஃப்ட்வேர் ஓடும் சர்வர்களைப் பற்றி. டிசைன், ஜிஐஎஸ் (வரைபடத் தகவல்), சிமுலேஷன் சாஃப்ட்வேர்களில் பல இன்னும் இதை நம்பித்தான் ஓடுகின்றன. அதே வேலையைச் செய்யும் ஆர்எல்எம் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். அங்கேயும் ரிசர்வ், மேக்ஸ், டைம்அவுட் என்று அதே பெயர்களில்தான் வசதிகள் உண்டு.

சர்வர் வேலை செய்யும் விதம் சாதாரணமானது. நீங்கள் சாஃப்ட்வேரைத் திறந்தால் அது சர்வரிலுள்ள எல்எம்ஜிஆர்டி என்ற புரோகிராமைத் தேடிப் போகும். அது, சாஃப்ட்வேரைத் தயாரித்த கம்பெனிக்கு உரிய வெண்டர் டீமன் என்ற பின்னணிப் புரோகிராம் எங்கே ஓடுகிறது என்று காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எண்ணிக் கொடுப்பதும் திரும்ப வாங்கி வைப்பதும் அந்த டீமன்தான். நீங்கள் எதுவும் சொல்லி வைக்காவிட்டால் அதற்குத் தெரிந்த ஒரே நியாயம் முதலில் வந்தவருக்கு முதலில். வேறு நியாயம் வேண்டுமென்றால் ஆப்ஷன்ஸ் ஃபைல் என்ற சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வைக்க வேண்டும். பங்கீடு முழுக்க அந்த ஃபைலில்தான்.

பங்கு பிரிக்கும் முன், சர்வர் எழுதி வைக்கும் டீபக் லாக் என்ற பதிவு ஃபைலைத் திறந்து பாருங்கள். யார் எப்போது எடுத்தார், எப்போது திருப்பினார், யாருக்கு மறுக்கப்பட்டது என்று வரிவரியாக இருக்கும். மறுப்பு வரிகளை மட்டும் பிரித்தெடுத்து மணி வாரியாக அடுக்கினால் பாதி சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். "அண்ணே, ராம்நாட்டுக்காரங்க பூராத்தையும் புடிச்சு வச்சிருக்காங்கண்ணே" என்று கீழக்கரையிலிருந்து போன் வரும். இப்போது யார் கையில் எத்தனை என்று காட்டும் எல்எம்ஸ்டாட் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் உண்மையில் ராம்நாட்டில் 8 பேர் வைத்திருப்பார்கள். ஆனால் அதில் மூன்று பேர் காலை ஒன்பதரைக்குத் திறந்துவிட்டு சைட்டுக்குப் போனவர்கள். திரையில் படம் திறந்தபடியே இருக்கும், லைசென்ஸும் அவர்கள் பெயரிலேயே இருக்கும்.

இதற்கு மருந்து டைம்அவுட். சும்மா கிடக்கும் லைசென்ஸை இத்தனை நொடிக்குப் பிறகு பிடுங்கிக்கொள் என்று ஆப்ஷன்ஸ் ஃபைலில் ஒரு வரி. பொதுவாக 900 நொடிக்குக் கீழே வைக்க முடியாது, அதாவது கால் மணி நேரம். வெண்டர் வேறு குறைந்த அளவு வைத்திருந்தால் அதுதான் கணக்கு. இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். சாஃப்ட்வேரே இதற்கு ஒத்துழைக்க வேண்டும். ஒத்துழைக்காததில் வரி இருந்தும் பயனில்லை. அப்புறம், 'சும்மா இருப்பது' என்றால் என்ன என்பதை முடிவு செய்வதும் அந்தச் சாஃப்ட்வேர்தான். இரவெல்லாம் ஓடும் அனாலிசிஸை அது சும்மா இருப்பதாக நினைத்தால் காலையில் வந்து பார்ப்பவர் உங்களைத்தான் திட்டுவார். அதனால் எடுத்தவுடன் 900 வேண்டாம். ஒரு மணி நேரம், அதாவது 3600 என்று தொடங்கி, லாகைப் பார்த்துக்கொண்டே குறைக்கலாம். டைம்அவுட் வைக்காமல் பூலை, அதாவது மொத்த லைசென்ஸ் இருப்பை, பிரிக்க இறங்குவது வேண்டாத வேலை என்பது என் கருத்து. தூங்கும் லைசென்ஸ்களைத்தான் டீம் டீமாகப் பங்கு போட்டுக்கொண்டிருப்போம்.

சரி, டைம்அவுட் வைத்தாயிற்று. இன்னும் மறுப்பு வருகிறது என்றால் பங்கீட்டைப் பார்க்கலாம்.

முதல் வழி, ஒன்றும் பிரிக்காமல் 12-ஐயும் பொதுவாக விடுவது. இதைச் சோம்பேறித்தனம் என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஊருக்கு இது அவ்வளவு மோசமில்லை. காரணம், கீழக்கரை டீம் பார்ப்பது வளைகுடா நாட்டு கிளையன்ட் வேலை. சவுதி நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே ஆள் வந்து உட்கார்ந்து மெயில் அனுப்பத் தொடங்கும்போது இங்கே ராம்நாட்டு ஆபீஸில் முதல் டீ முடிந்திருக்கும். சாயங்காலம் ராம்நாட்டுக்காரர்கள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகும் கீழக்கரையில் வேலை ஓடும். வார விடுமுறையும் ஒன்றல்ல. சவுதி, குவைத், கத்தாருக்கு வெள்ளியும் சனியும். அமீரகம் 2022-லிருந்து சனி, ஞாயிறுக்கு மாறி வெள்ளியை அரை நாளாக்கிவிட்டது. சவுதி வேலை பார்க்கும் டீம் ஞாயிற்றுக்கிழமை முழு வீச்சில் இருக்கும்போது ராம்நாட்டு ஆபீஸ் பூட்டிக் கிடக்கும். இரண்டு டீமும் முழுசாக மோதிக்கொள்வது திங்கள் முதல் வியாழன் வரை, அதுவும் முற்பகல் 11-லிருந்து மாலை ஐந்தரை வரைதான். ஆக, மோதல் ஒரு சில மணி நேரச் சங்கதி. அதற்காக வாரம் முழுக்கச் சுவர் எழுப்ப வேண்டுமா?

பொது பூலின் குறை என்னவென்றால், அது பெரிய டீமுக்குச் சாதகம். மண்டபத்தில் 5 பேர். பகலில் கடலுக்கோ கரைக்கோ போய்விட்டு மாலை 4 மணிக்கு வந்து அன்றைய டேட்டாவை ஏற்ற உட்காரும்போது ஒன்றும் மிஞ்சியிருக்காது. மறுப்பு வரிகளின் எண்ணிக்கையில் மண்டபம் கடைசியாக இருக்கும், ஆள் விகிதத்தில் பார்த்தால் முதலாக இருக்கும். தினமும் முயற்சி செய்து அலுத்துப்போனவர்கள் கேட்பதையே நிறுத்திவிடுவார்கள். அது லாகில் வராது, அவர்களிடம் பேசினால்தான் தெரியும்.

இந்தப் புகார் மேலே போனதும் மேனேஜர் வாயிலிருந்து முதலில் வரும் வார்த்தை ரிசர்வ். ஆளுக்கு நாலு நாலாகப் பிரித்துவிடு, தொல்லை விட்டது என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ரிசர்வ் என்பது முன்னுரிமை இல்லை, அது பூட்டு. மண்டபத்துக்கு 4 ரிசர்வ் செய்தால் மண்டபத்தில் ஒருவரும் இல்லாத நேரத்திலும் அந்த நாலை வேறு யாரும் தொட முடியாது. வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். கீழக்கரை விடுமுறை, மண்டபம் படகில். ராம்நாட்டில் 9 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு 4. மீதி 5 பேருக்கு மறுப்பு, 8 லைசென்ஸ் பூட்டிக் கிடக்கிறது. காசு கொடுத்து வாங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு அன்று ஒருவருக்கும் உதவவில்லை.

எல்எம்ஸ்டாட் இன்னொரு குழப்பத்தையும் கூட்டும். ரிசர்வ் செய்தவற்றையும் அது உபயோகத்தில் இருப்பவையாகவே எண்ணும். ரிசர்வேஷன் என்று தனியே ஒரு வரி காட்டும், ஆனால் மேலே மொத்தக் கணக்கை மட்டும் பார்ப்பவர் 12-ல் 12 நிரம்பிவிட்டது, இன்னும் 4 வாங்க வேண்டும் என்று கொட்டேஷன் கேட்டுவிடுவார். விற்பவர் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

எனக்கு ரிசர்வ் அறவே பிடிக்காது என்றில்லை. ஒன்று, மிஞ்சினால் இரண்டு. யாராவது ஒருவர் எந்த நேரத்திலும் திறந்தே ஆக வேண்டும் என்ற இடத்துக்கு அது சரி. டீமுக்கு இத்தனை என்று ரிசர்வால் பங்கு பிரிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

மூன்றாவது வழி மேக்ஸ். இது தலைகீழ் வேலை. 'உனக்கு இத்தனை நிச்சயம்' என்று சொல்லாமல் 'உனக்கு இதற்கு மேல் கிடையாது' என்று சொல்வது. ராம்நாடு குரூப்புக்கு 7, கீழக்கரைக்கு 5, மண்டபத்துக்கு 3 என்று மூன்று வரி எழுதினால் போதும். கூட்டினால் 15 வருகிறதே, இருப்பது 12 தானே என்று கேட்பவர்கள் உண்டு. கூட்டுத்தொகை மொத்தத்தைத் தாண்டத்தான் வேண்டும். சரியாக 12 என்று வைத்தால் அது ரிசர்வின் கெடுதலோடு வரும் மேக்ஸ். அப்படித் தாண்டுவதால்தான் டீம்களுக்கு நடுவே லைசென்ஸ் கைமாற முடிகிறது.

மேக்ஸ் வைக்கும்போதே ஒவ்வொரு டீமுக்கும் குறைந்தபட்சம் எத்தனை கிடைக்கும் என்பதும் தானாக வந்துவிடுகிறது. மொத்தத்திலிருந்து மற்ற இரண்டு டீமின் உச்சவரம்பைக் கழித்தால் அதுதான். ராம்நாட்டுக்கு 12-லிருந்து 5-ம் 3-ம் போக 4. கீழக்கரைக்கு 7-ம் 3-ம் போக 2. மண்டபத்துக்கு 7-ம் 5-ம் போக பூஜ்யம். ஆக மற்ற இரண்டும் முழுசாக எடுத்துவிட்டால் மண்டபத்துக்கு ஒன்றும் இல்லை. இந்த ஓர் இடத்துக்குத்தான் ரிசர்வைக் கொண்டுவர வேண்டும். மண்டபத்துக்கு 1 ரிசர்வ் செய்தால் அடிமட்டம் 4, 2, 1 ஆகிவிடும். மற்ற இரண்டு டீமின் அடிமட்டமும் குறையவில்லை, மேல்மட்டமும் குறையவில்லை. பூட்டிக் கிடக்கக்கூடியது அதிகபட்சம் ஒன்றே ஒன்று. தாளில் இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டு மூன்று டீம் லீடருக்கும் காட்டிவிட்டு ஃபைலை எழுதினால் பிறகு யாரும் போன் போட்டுச் சத்தம் போட மாட்டார்கள். போட்டாலும் அந்தத் தாளைக் காட்டலாம்.

மேக்ஸுக்கும் குறை உண்டு. அதே வெள்ளிக்கிழமை ராம்நாட்டுக்காரர்கள் 7-க்கு மேல் எடுக்க முடியாது, பக்கத்திலேயே 5 காலியாக இருந்தாலும். 4-க்கு 7 தேவலைதான், இருந்தாலும் 2 பேர் வெளியே நிற்கிறார்கள். இதற்கு ஒரு வழி, நாளுக்கு ஏற்ப ஃபைலை மாற்றுவது. பாக் ஜலசந்தியில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று கடலையே கிழமையால் பங்கு போட்டு வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் நாம். நமக்கு இது புதிதில்லை. இரண்டு ஆப்ஷன்ஸ் ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். வார நாளுக்கு 7, 5, 3. வெள்ளி முதல் ஞாயிறு வரைக்கு 9, 7, 3. வியாழன் இரவும் ஞாயிறு இரவும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஃபைலை மாற்றி வைத்துவிட்டு எல்எம்ரீரீட் என்ற கட்டளையைக் கொடுக்கட்டும். சர்வரை நிறுத்தித் தொடங்க வேண்டியதில்லை, வெண்டர் டீமன் ஆப்ஷன்ஸ் ஃபைலை மறுபடி படித்துக்கொள்ளும். ஸ்கிரிப்ட் ஓடியதா என்பதைத் திங்கள் காலை ஒருமுறை லாகில் பார்த்துவிடுவது நல்லது.

யார் எந்த டீம் என்பதை சர்வர் எப்படித் தெரிந்துகொள்ளும்? பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். யூசர் பெயரை வைத்து குரூப் எழுதலாம். ஆனால் அந்தப் பெயர் அவரவர் கம்ப்யூட்டரின் லாகின் பெயர். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால் ஆள் மாறிவிட்டதாகவே சர்வர் நினைக்கும். எழுத்தளவைப் பார்க்காதே என்று ஃபைலில் ஒரு வரி எழுதினால் அது சரியாகும், ஆனால் அந்த வரியைக் குரூப் வரிகளுக்கு முன்னால் எழுதிவிடுவது நல்லது. கல்லூரி லேபில் எல்லா மெஷினுக்கும் ஒரே ஸ்டூடன்ட் லாகின் என்றால் யூசர் குரூப் பேசிப் பயனில்லை, மெஷின் பெயரை வைத்து ஹோஸ்ட் குரூப் எழுத வேண்டும். கிளை அலுவலகம் என்றால் ஐபி முகவரியின் வரிசையை வைத்து எழுதுவது எளிது. கீழக்கரைக்கு ஒரு வரிசை, மண்டபத்துக்கு ஒரு வரிசை. கீழக்கரை ஆள் ராம்நாட்டுக்கு மாறினால் ஃபைலைத் தொட வேண்டாம், எங்கே உட்கார்கிறாரோ அந்தக் கணக்கில் வருவார். விபிஎன் (கிளையைத் தலைமை அலுவலகத்தோடு இணைக்கும் தனி இணைய வழி) வழியாக வரும்போது கிளை முழுக்க ஒரே முகவரியாகத் தெரிகிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவரை குரூப்பில் எழுத மறந்தால் என்ன ஆகும் என்பது நீங்கள் எடுத்த வழியைப் பொறுத்தது. மேக்ஸ் மட்டும் இருந்தால் பெயரில்லாதவருக்கு உச்சவரம்பே இல்லை, ராஜாவாக எடுத்துக்கொள்வார். இன்க்ளூட் என்ற வரியால் டீம்களை அனுமதித்திருந்தால் பெயரில்லாதவருக்குக் கதவே திறக்காது. முதல் நாள் வேலைக்கு வந்த பிள்ளை மத்தியானம் வரை சும்மா உட்கார்ந்திருக்கும். நான் மேக்ஸ் பக்கம். தவறு நேர்ந்தால் வேலை நிற்காமல் நேரட்டும். இன்னொன்று, இந்த யூசர் பெயரெல்லாம் பாதுகாப்பு ஏற்பாடு இல்லை. லாகின் பெயரை மாற்றத் தெரிந்தவர் டீமையும் மாற்றிக்கொள்வார். இது பங்கீட்டு ஒழுங்கு, அவ்வளவுதான்.

வெவ்வேறு சமயத்தில் வாங்கிய லைசென்ஸ்கள் இருந்தால் இன்னொரு சிக்கல். போன வருஷம் 8, இந்த வருஷம் 4 என்று வாங்கியிருந்தால் லைசென்ஸ் ஃபைலில் அவை தனித்தனி வரிகளாக இருக்கும், சர்வர் அவற்றைத் தனித்தனி பூலாகவே வைத்துக்கொள்ளக்கூடும். நீங்கள் பொதுவாக எழுதிய ரிசர்வ் எந்த பூலில் போய் உட்கார்ந்தது என்று தெரியாமல் விழிக்க நேரும். ஃபீச்சர் பெயரோடு (லைசென்ஸ் ஃபைலில் சாஃப்ட்வேருக்கு இருக்கும் பெயர்) எந்த வரியைச் சொல்கிறீர்கள் என்பதற்கான அடையாளத்தையும் சேர்த்து எழுதும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். முடிந்தால் வெண்டரிடம் சொல்லி இரண்டையும் ஒரே வரியாக்கி வாங்கிவிடலாம்.

மண்டபம் டீமுக்குப் பங்கை விடப் பெரிய தொல்லை இன்டர்நெட் லைன். லைசென்ஸ் எடுத்த பிறகும் சாஃப்ட்வேர் சர்வரோடு தொடர்பில் இருக்க வேண்டும், வழக்கமாக 120 நொடிக்கு ஒருமுறை நாடி பார்க்கும். காற்று அடிக்கும் நாளில் லைன் விட்டு விட்டு வந்தால் ஒதுக்கீடு எத்தனை இருந்தாலும் படம் பாதியில் நிற்கும். இவர்களுக்கு பாரோ வசதிதான் பொருத்தம். லேப்டாப்பில் இத்தனை மணி நேரத்துக்கு என்று லைசென்ஸை எடுத்துக்கொண்டு லைனைத் துண்டித்துவிடலாம். குருசடைத் தீவுப் பக்கம் போனாலும் சரி, மூக்கையூர்க் கரையில் உட்கார்ந்தாலும் சரி. ஆனால் எடுத்துப் போனது கெடு முடியும் வரை அல்லது திருப்பும் வரை பூலுக்கு வராது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டு வேலை தள்ளிப்போனால் லைசென்ஸ் பையிலேயே கிடக்கும். அதனால் அதிகபட்ச மணி நேரத்துக்கு ஒரு வரியும், இத்தனைக்குக் கீழே இருப்பு குறைந்தால் பாரோ கொடுக்காதே என்று ஒரு வரியும் அவசியம். நம் கணக்கில் இருப்பு 10 இருந்தே ஆக வேண்டும் என்று வைத்தால் ஒரே சமயத்தில் 2 தான் வெளியே போக முடியும். வெண்டர் லைசென்ஸிலேயே பாரோவை அனுமதித்திருக்க வேண்டும் என்பதையும் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

மூன்று ஊருக்கும் தனித்தனி சர்வர் வைத்து லைசென்ஸை நிரந்தரமாகப் பிரிப்பது நாலாவது வழி. மூன்று கம்பெனியாகப் பிரியப்போகிறீர்கள் என்றால் செய்யுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். ரிசர்வின் எல்லாக் கெடுதலும் அதில் உண்டு, திருத்துவதற்கு வெண்டரிடம் வேறு போய் நிற்க வேண்டும். ஒரு சர்வர் விழுந்தாலும் வேலை நிற்காமலிருக்க வைக்கும் மூன்று சர்வர் கூட்டமைப்பை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதில் மூன்றில் இரண்டு சர்வர் எப்போதும் உயிரோடு, ஒன்றோடொன்று பேசிக்கொண்டு இருக்க வேண்டும். ஊருக்கு ஒன்றாக வைத்தால் இரண்டு லைன் ஒரே நேரத்தில் போன அன்று எல்லோருக்கும் கடை மூடல். அதை ஒரே கட்டடத்தில், ஒரே நெட்வொர்க்கில் வைப்பதற்காகத்தான் செய்திருக்கிறார்கள்.

பெயர் சார்ந்த லைசென்ஸ் வந்துவிட்டால் இந்தப் பேச்சே முடிந்துவிடும் என்பதும் உண்மை. ஆட்டோகேட் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் கம்பெனி 2020-ல் நெட்வொர்க் லைசென்ஸ்களைக் கைவிட்டு ஆளுக்கு ஒன்று என்ற முறைக்கு மாறத் தொடங்கியது. பழைய ஒன்றுக்கு இரண்டு பெயர் என்று கணக்குக் கொடுத்தது. அப்படிப் பார்த்தால் 12-க்கு 24, நம் 21 பேருக்கும் கிடைத்துவிடும். கைமாற்றும் வசதி போய்விடும், அதே சமயம் சண்டையும் போய்விடும். ஷிப்டாக ஆள் மாறும் இடத்துக்கு இது நஷ்டம், நம் மாதிரி அலுவலகத்துக்குப் புதுப்பிக்கும் விலையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

என் தேர்வு என்ன என்று கேட்டால்: டைம்அவுட், 7-5-3 மேக்ஸ், மண்டபத்துக்கு 1 ரிசர்வ், 2-க்கு மேல் போகாத பாரோ, வார இறுதிக்கு இன்னொரு ஃபைல். கீழக்கரை டீம் உள்ளூர் வேலையே பார்க்கிறது, எல்லோருக்கும் ஞாயிறுதான் லீவு என்றால் இரண்டாவது ஃபைல் தேவையில்லை. மூன்று டீமும் ஒரே கட்டடத்தில், கூப்பிடும் தூரத்தில் இருந்தால் டைம்அவுட்டோடு நிறுத்திக்கொண்டு பொதுவாகவே விடலாம். எழுந்து போய்க் கேட்பது எல்லா ஃபைலையும்விட வேகமானது. 13-வது லைசென்ஸ் வாங்கலாமா என்ற கேள்வியை இத்தனையும் செய்த பிறகு, முழுசாக ஒரு மாத லாகில் திங்கள் முதல் வியாழன் வரையிலான மறுப்பு வரிகளை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு எடுங்கள். மேக்ஸைத் தாண்டியதால் வந்த மறுப்பையும், 12-ம் தீர்ந்ததால் வந்த மறுப்பையும் பிரித்து எண்ண வேண்டும். காரணம் அந்த வரியிலேயே இருக்கும். முதல் வகைக்கு ஃபைலில் எண்ணை மாற்றினால் போதும். இரண்டாவது வகைக்குத்தான் காசு.